கைக்கு கிடார், காலுக்கு மிடி

கிடார் ஆம்ப் மென்பொருள் வாங்கிட்டு 'உயிரே இல்லப்பா'ன்னு புலம்பற மக்களே, என் கட்சி இதுதான்: அடுத்த மென்பொருளுக்குக் காசு சேர்க்காதீங்க, ஒரு மிடி ஃபுட் கன்ட்ரோலர் வாங்குங்க. ரெண்டு கையும் கிடார்ல இருக்கு, சோலோ நடுவுல மவுஸை எதால பிடிப்பீங்க?

வாங்கினவங்களும் பட்டனுக்கு ஒரு ப்ரீசெட்னு வெச்சுடறாங்க. அங்கதான் எனக்குக் கடுப்பு. புரோகிராம் சேஞ்ச் போனா மொத்த ஆம்பும் மாறும். பல மென்பொருள்கள்ல அடுத்தது லோட் ஆகறதுக்குள்ள சத்தம் அறுந்து, டிலேயோட வால் காணாமப் போயிடும். அதுக்குப் பதிலா ஒரே ப்ரீசெட் போதும். டிரைவ், டிலே, வா மூணுக்கும் தனித்தனி கன்ட்ரோல் சேஞ்ச் எண் கொடுத்து, வேண்டியதை மட்டும் மிதிங்க. எக்ஸ்பிரஷன் பெடல் வா-வுக்கு. 0-லேர்ந்து 127 வரைக்கும் 128 படி, தாராளம்.

'மிடி 1983 சமாச்சாரம், ஸ்லோ'ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். 5 பின் கேபிள்ல நொடிக்கு 31,250 பிட். ஒரு கன்ட்ரோல் சேஞ்ச் மூணே பைட், ஒரு மில்லிசெகண்டுக்குள்ள போயிடும். ஆடியோ பஃபரைப் பாருங்க சாமி! 44,100 ஹெர்ட்ஸ்ல 512 சாம்பிள் வெச்சா அதுவே கிட்டத்தட்ட 12 மில்லிசெகண்ட். 128-க்கு இறக்கினா மூணுக்கு வந்துடும்.

பக்கத்து பட்டனையும் சேர்த்து மிதிக்கறீங்களா? செருப்பைக் கழட்டிட்டு வாசிங்க :-)