தேட வேண்டியது குழந்தையை!



ஒரு கேள்வியோடு தொடங்குவோம்.

ஆர்.கே.பேட்டை கடைத்தெருவில் காலையில் கடையைத் திறக்கிறீர்கள். ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் கைபேசி ஒலிக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு குழந்தையைக் காணவில்லையாம். நேற்று மாலை விசைத்தறிக் கூடத்துக்கு அருகே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையாம். கூடவே யாரோ ஒருவனின் புகைப்படம். கீழே இரண்டு வரி: 'இவன்தான் பிள்ளை பிடிப்பவன். கண்டால் விடாதீர்கள். எல்லோருக்கும் பகிருங்கள்.'

என்ன செய்வீர்கள்?

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நம்மில் பலர் அதை நாலு குழுக்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் கல்லாப்பெட்டியைத் திறப்போம். நமக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மனம் பதறுகிறது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நல்ல எண்ணம் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு மனிதனின் உயிரைக் குடித்திருக்கிறது. மறந்துவிட்டோமா?

பழவேற்காட்டுப் பாலம்

நம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஆர்.கே.பேட்டை, கிழக்கே கடலோரத்தில் பழவேற்காடு. 2018 மே மாதம் அந்தப் பழவேற்காட்டில், யார், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு மனிதரைப் 'பிள்ளை பிடிப்பவன்' என்று சொல்லி ஒரு கும்பல் அடித்தே கொன்றது. கொன்றதோடு விடவில்லை. உடலைப் பாலத்தில் தொங்கவிட்டது!

அதே மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டு வந்த ஒரு குடும்பம், வழி கேட்பதற்காகக் காரை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான் குற்றம்! ஊரே திரண்டு அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

இரண்டே மாதம் கழித்து, 2018 ஜூலையில், கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் இதே கதை. ஹைதராபாத்திலிருந்து நண்பர்களோடு சென்ற ஒரு மென்பொருள் பொறியாளர். அங்கும் குழந்தைகளுக்குச் சாக்லேட். அங்கும் வாட்ஸ்அப் செய்தி. அவரும் அடித்தே கொல்லப்பட்டார். அவர் நம் சமுதாயத்து இளைஞர்.

அந்த நாள்களில் நாடு முழுக்கச் சுற்றிய காணொளி ஒன்று உங்களுக்கும் வந்திருக்கும். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தவர்கள் பதறினார்கள். உண்மை என்ன தெரியுமா? குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகப் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம் அது! கடைசியில் அந்த இருவரும் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓர் அட்டையை விரித்துக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் யாரோ ஒரு விஷமி வெட்டி எறிந்தான். மீதியை அனுப்பியது யார்? உங்களையும் என்னையும் போன்ற சாதாரண மனிதர்கள்தான்.

தாய் அழவில்லையாம்!

வதந்தி எப்போதும் அந்நியன் மீதுதான் பாயும் என்று நினைக்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரையே அது கடித்துக் குதறும்.

1980 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைப் பகுதியில் ஒரு குடும்பம் கூடாரமடித்துத் தங்கியிருந்தது. இரண்டு மாதக் கைக்குழந்தை காணாமல் போயிற்று. 'டிங்கோ என்ற காட்டு நாய் என் குழந்தையைத் தூக்கிச் சென்றுவிட்டது' என்று தாய் கதறினார். நாடு நம்பவில்லை. 'தொலைக்காட்சியில் பேசும்போது அவள் அழவில்லையே' என்றார்கள். அந்தக் குடும்பம் ஒரு சிறிய கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது. 'அவர்கள் மதத்தில் நரபலி உண்டு. குழந்தையின் பெயருக்கே பலி என்றுதான் பொருள்' என்று ஒரு புளுகு கிளம்பிற்று. வாட்ஸ்அப் இல்லாத காலம் சகோதரர்களே! தேநீர்க் கோப்பையோடும் செய்தித்தாளோடும் பரவிய புளுகு அது.

1982-இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை. 1986-இல் குழந்தையின் மேல்சட்டை, டிங்கோக்கள் வாழும் புதர்ப் பகுதியில் கிடைத்தது. தாய் விடுதலையானார். 1988-இல் தண்டனை ரத்தானது. குழந்தையை டிங்கோதான் கொன்றது என்று மரண விசாரணை அதிகாரி அதிகாரபூர்வமாக அறிவிக்க 2012 வரை ஆயிற்று. 32 ஆண்டுகள்!

சிறுபான்மையாக வாழும் நமக்கு இந்தக் கதையை விளக்கவும் வேண்டுமா? 2023 மே மாதம் பீகாரிலிருந்து மகாராஷ்டிரத்திலுள்ள மதரஸாவுக்கு ரயிலில் சென்ற 59 சிறுவர்களை வழியில் இறக்கினார்கள். 'குழந்தைக் கடத்தல்' என்று செய்தி பறந்தது. உடன் சென்ற ஐந்து பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 2024-இல், கடத்தலுக்கு ஆதாரம் இல்லை என்று வழக்கு முடித்து வைக்கப்பட்டது. கைதான செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் வழக்கு முடிந்த செய்தியைப் பகிர்ந்தார்கள்?

நாமும் தவறினோம்

அடுத்தவனைச் சுட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

2018 ஜனவரியில் ஜம்மு பகுதியிலுள்ள கத்துவாவில் குதிரை மேய்க்கப் போன எட்டு வயதுச் சிறுமி காணாமல் போனாள். ஒரு வாரம் கழித்து உடல் கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். பாலியல் வன்கொடுமையே நடக்கவில்லை என்று ஒரு பெரிய இந்தி நாளேடு எழுதியது. நாம் கொதித்தோம். கொதித்ததில் தவறில்லை. ஆனால் நாம் என்ன செய்தோம்? அந்தப் பிஞ்சின் முகத்தையும் பெயரையும் பதாகையில் அச்சிட்டோம். முகப்புப் படமாக வைத்தோம். ஊர் ஊராக அனுப்பினோம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டதற்காக 12 ஊடக நிறுவனங்கள் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. நம் கைபேசிகளுக்கு யார் அபராதம் விதித்தார்கள்?

அந்த வழக்கில் நியாயம் கிடைத்தது எதனால்? பதாகையால் அல்ல. காவல்துறையின் குற்றப்பிரிவு தடயங்களைச் சேர்த்தது. உச்ச நீதிமன்றம் வழக்கைப் பஞ்சாபின் பதான்கோட்டுக்கு மாற்றியது. 2019 ஜூன் 10-ஆம் தேதி ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது; ஒருவர் விடுவிக்கப்பட்டார். அந்த ஒருவரும் சேர்த்துத்தானே தெருவில் தூக்கிலிடப்பட வேண்டும் என்று முழங்கினோம்?

நம் பக்கத்துக்கே வருவோம். 2025 ஜூலையில் கும்மிடிப்பூண்டி அருகே ஆரம்பாக்கத்தில் பள்ளி விட்டுத் திரும்பிய சிறுமிக்குக் கொடுமை நடந்தது. சந்தேக நபர் பிடிபட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் அந்தக் குழந்தை நடந்து போகும் கண்காணிப்புக் கேமராக் காட்சி கைபேசி தோறும் ஓடியது. அல்ஹம்துலில்லாஹ், அந்தக் குழந்தை உயிரோடு மீண்டாள். அவள் நாளை வளர்ந்து பெரியவளாகி இதே ஊர்களில்தான் நடமாட வேண்டும். அந்தக் காட்சி இன்னும் உங்கள் கைபேசியில் கிடக்கிறதா? போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் கிடக்கட்டும். உங்கள் மகளாக இருந்தால் வைத்திருப்பீர்களா?

கைதானவன் வட மாநிலத்தவன் என்றதும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு பகலாக உருக்கு ஆலையில் வேகும் அத்தனை வட மாநிலத் தொழிலாளிகளையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது என்ன நியாயம்? ஒருவன் செய்ததற்கு ஊரையே குற்றவாளியாக்கும் வேதனையை, 1998-இல் கோவை குண்டுவெடிப்புக்குப் பிறகு வாடகைக்கு வீடு கேட்டு அலைந்த நம்மைவிட அறிந்தவர் யார்?

கூச்சல் நீதியைத் தராது

'அப்படியானால் குற்றவாளி தப்பிவிடட்டுமா?' என்று கேட்பீர்கள். கூச்சலால்தான் தப்புகிறான் என்கிறோம்!

2017 பிப்ரவரியில் சென்னை முகலிவாக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி காணாமல் போய், எரிக்கப்பட்ட நிலையில் உடல் கிடைத்தது. தமிழகமே கொந்தளித்தது. பக்கத்து வீட்டு இளைஞர் கைதானார். அவர் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஊர் அன்றைக்கே தீர்ப்பெழுதிவிட்டது. 2018-இல் செங்கல்பட்டு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது; உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது! குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாதாடப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை. கண்காணிப்புக் கேமராப் பதிவை முறையாக நீதிமன்றத்தில் வைக்கவில்லை. சாட்சியச் சங்கிலி அறுந்து கிடக்கிறது என்றது.

எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அந்தக் குழந்தையைப் பெற்றவர்களின் கையில் என்ன இருக்கிறது? வெறுங்கை!

காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. இது நம் நாட்டுச் சட்டம். சந்தேக நபரின் முகத்தை ஊர் முழுக்கக் காட்டிவிட்டால், பிறகு நடக்கும் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பில்லை. 'படத்தைப் பார்த்துத்தானே கை காட்டினாய்?' என்று வக்கீல் ஒரே கேள்வியில் சாட்சியை உடைத்துவிடுவார். நாம் பரப்பும் ஊகம் ஒவ்வொன்றும் குற்றவாளியின் வக்கீலுக்கு நாம் இலவசமாகக் கொடுக்கும் ஆயுதம்.

என்ன செய்ய வேண்டும்?

1. குழந்தையைக் காணவில்லை என்றால் அந்த நிமிடமே காவல் நிலையம் செல்லுங்கள். '24 மணி நேரம் பொறுங்கள்' என்று யாரும் சொல்ல முடியாது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே உத்தரவிட்டிருக்கிறது. அவசர எண் 112. குழந்தைகள் உதவி எண் 1098.

2. வணிகர்களே! உங்கள் கடைக் கேமரா பெரும் அமானிதம். பழைய பதிவு சில நாள்களில் தானாகவே அழிந்து புதியது ஏறிவிடும். எனவே அன்றைக்கே பதிவைப் பாதுகாத்துக் காவல்துறையிடம் ஒப்படையுங்கள். கைபேசியில் படம் பிடித்துக் குழுவில் போடாதீர்கள்.

3. தேடும்போது பெற்றோர் கொடுத்த படத்தை, தேதியோடும் காவல் நிலைய எண்ணோடும் மட்டும் அனுப்புங்கள். குழந்தை கிடைத்ததும் அழியுங்கள். அனுப்பிய இடத்திலெல்லாம் 'கிடைத்துவிட்டது' என்று எழுதுங்கள். கொடுமை நடந்தது தெரிந்தால் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம்.

4. யாரையாவது கும்பல் மடக்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள்; படம் பிடிக்காதீர்கள். இளைஞர்கள் நாலு பேர் நடுவில் போய் நில்லுங்கள். காவல்துறை வரும் வரை அந்த உயிர் உங்கள் பொறுப்பு.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள். ஊகங்களைத் தவிர்ந்துகொள்ளுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவியபோது மதீனா நகரமே ஒரு மாத காலம் பட்ட வேதனையை ஜும்ஆ மேடையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கேட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே கைபேசியை எடுக்கிறோமே, ஏன்?

நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குழந்தை காணாமல் போனால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்: என்ன நிறச் சட்டை, எத்தனை வயது, எங்கே வந்து சொல்ல வேண்டும். எந்த மதத்துப் பிள்ளை என்று கேட்பதில்லை. யார் தூக்கினார் என்று சொல்வதில்லை. அந்த அறிவிப்பைக் கேட்டுத் தெருத் தெருவாக ஓடிய இளைஞர்கள்தான் இன்றைய நம் பெரியவர்கள். நம் கைபேசியும் அந்த ஒலிபெருக்கியைப் போல இருக்கட்டும்.

தேட வேண்டியது குழந்தையை. தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது.

சிந்திப்போம்! செயல்படுவோம்!