அமிலம் காரமாகும் அற்புதம்

திருகோணமலையில் உயர்தர இரசாயனவியல் கற்கும் ஒரு மாணவனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். லீற்றருக்கு 10⁻⁸ மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தின் பீ.எச். பெறுமானம் யாது?

சூத்திரத்தில் எண்ணை இட்டால் 8 என்று வரும். ஏழுக்கு மேற்பட்டால் காரம் என்று அதே ரியூசன் குறிப்பு சொல்கிறது. அமிலத்தில் நீரை ஊற்றிக்கொண்டே போனால் அது காரமாகிவிடுமா? நீரும் தன் பங்குக்கு ஐதரசன் அயன்களைத் தருகிறது. அதையும் சேர்த்தால்தான் சரியான விடையாகிய 6.98 கிடைக்கும். "இது விசேட கணக்கு, விடையைப் பாடமாக்கு" என்று சொல்லும் ஆசான்களும் உளர். அவர்களை என்னவென்பது!

உறைநிலைக் கணக்கும் இப்படித்தான். ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. அனைத்தும் கறியுப்பே என்று கொண்டால், ஒரு கிலோ நீருக்கு 0.62 மூல். ஒவ்வொரு மூலும் இரண்டு மூல் அயன்களாகப் பிரியும், 1.86ஆற் பெருக்கினால் உறைநிலை 2.3 பாகை தாழ வேண்டும். ஆனால் கடல்நீர் ஏறத்தாழ மறை 1.9 பாகையில் உறைகிறது. எஞ்சிய 0.4 பாகை எங்கே போயிற்று? கடலுப்பில் மகனீசியமும் சல்பேற்றும் உண்டு. அயன்களும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் முற்றாகச் சுதந்திரமாக இயங்குவதில்லை. இரசாயனவியல் ஆரம்பிப்பதே இந்த 0.4இல்தான். நமது வகுப்புகளோ 2.3க்குக் கீழே இரட்டைக்கோடு இட்டு முடித்துவிடுகின்றன.

இதெல்லாம் எந்த ஊரில் நடக்கிறது? நிலாவெளியில் உப்பளம் இருக்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கிறது. மாரிமழையில் அங்கே கடல்நீர் ஐதாகிறது, கோடையில் மீண்டும் செறிகிறது. ஐதாக்கற் கணக்குக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா? மீன்துறையில் ஐஸ் கிடைக்கிறது. அதை நொறுக்கி உப்பைக் கலந்தால் பூச்சியத்துக்கு வெகு கீழே, தக்க விகிதத்தில் மறை 21 பாகை வரைகூட, வெப்பநிலை இறங்கும். ஒரு வெப்பமானி போதும்.

"பின்தங்கிய மாவட்டம், வசதியில்லை, முதலில் புள்ளி வரட்டும்" என்பார்கள். பின்தங்கிய மாவட்டங்களுக்கான பல்கலைக்கழக ஒதுக்கீட்டுப் பட்டியலில் திருகோணமலை இருப்பது உண்மையே. செய்முறைக்கெனத் தனிப் பரீட்சை இல்லாததால் ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தாலும் கேட்பாரில்லை என்பதும் உண்மையே. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் உட்புகும் பிள்ளை முதலாம் ஆண்டிலே அளவியைக் கையிலெடுக்கும்போது நடுங்குமே, அதற்கு யார் பொறுப்பு?

குற்றத்தைத் தமிழின் தலையிலும் சுமத்த வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் தமிழில் 'கெமிஸ்தம்' என்று இரசாயன நூலை வெளியிட்டது 1875இல்.

மாகாணக் கல்வித் திணைக்களத்தாரை நான் கேட்பது பெரிய கட்டடத்தையல்ல. பாடசாலைக்குப் பத்து வெப்பமானிகள், ஒரு தராசு, பூட்டிய ஆய்வுகூடத்தின் சாவி. உப்பையும் ஐஸையும் ஊர் தரும்.