பாட்டிலைத் திருப்பிப் பாருங்க!



"கடையில வாங்கின தொக்கா? நீயுமா?"

என் சமையலறை மேடையில் இருந்த தக்காளித் தொக்கு பாட்டிலைப் பார்த்து, எதிர் வீட்டு மாமி கேட்ட கேள்வி இது. என்னவோ தாலிக்கொடியை அடகு வைத்துவிட்ட மாதிரி ஒரு குரல்! அன்றைக்குச் சிரித்து மழுப்பி விட்டேன். சொல்ல வேண்டியதை இந்தப் பகுதி வழியாகச் சொல்லி விடுகிறேன்.

தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு தொக்கை விலைக்கு வாங்குவது சோம்பேறித்தனம் என்பது மாமியின் கட்சி. நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும், சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது சுண்டி, எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். கிலோ தக்காளி வதக்கினால் ஒரு சின்ன பாட்டில் அளவுதான் தேறும். அந்த மாதம்தான் முதல் பாட்டில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. விலை இறங்கிய பிறகும் வெளியே போகவில்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருந்தது.

என் கணவருக்கு ரத்த அழுத்தம் அதிகமென்று டாக்டர் சொன்னார். "ஊறுகாய், அப்பளத்தை நிறுத்துங்க" என்றார். இவரும் சமர்த்தாக நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அழுத்தம் குறையவே இல்லை. "வேற என்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டர் குடைந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஊறுகாய் போன இடத்தில் தொக்கு வந்து உட்கார்ந்திருந்தது! காலையில் இட்லிக்கு இரண்டு கரண்டி, மத்தியானம் டப்பாவில் ஒரு கரண்டி, ராத்திரி தயிர் சாதத்துக்கு ஒரு கரண்டி. "தொக்கு ஊறுகாய் இல்லையேம்மா" என்கிறார் அப்பாவியாக. நானும் அப்படித்தானே நினைத்துப் பரிமாறினேன்!

அன்று சாயங்காலம்தான் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் படித்தேன்.

நம்ம பக்கத்தில் தொக்குக்குப் பஞ்சமே கிடையாது. மயிலாப்பூரில் அம்பிகா அப்பளம் டிப்போ, அடையாறில் கிராண்ட் ஸ்வீட்ஸ், தி.நகரில் எத்தனையோ பெரிய கடைகள் என்று காலை வீசி நடந்தால் பத்து விதம் பார்க்கலாம். நானும் வெவ்வேறு இடங்களில் பார்த்து, கடைசியில் மூன்று பாட்டிலை மேஜையில் வரிசையாக வைத்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

முதல் பாட்டிலின் முகப்பில் மண் சட்டி படம். 'நல்லெண்ணெயில் செய்தது' என்று கொட்டை எழுத்து. பின்னால், சேர்மானப் பட்டியலில் வேறு ஏதோ ஒரு எண்ணெய் இரண்டாவதாக இருந்தது. நல்லெண்ணெய் கடைசிக்கு முந்தின இடத்தில்! எந்தப் பொருள் அதிக எடையோ அதை முதலில் போட வேண்டும், அப்படியே இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆக, அந்தப் பட்டியலின் முதல் நான்கு பெயரைப் படித்தாலே பாட்டிலின் ஜாதகம் தெரிந்துவிடும்.

இரண்டாவது பாட்டில் கொஞ்சம் விலை கூட. தக்காளி முதலில், நல்லெண்ணெய் இரண்டாவது. கெடாமலிருக்க ஐ.என்.எஸ். 211 என்று போட்டிருந்தது. அது சோடியம் பென்சோயேட். அளவோடு சேர்க்க அனுமதி உள்ளதுதான், பயப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது, பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா வீட்டில் செய்து விற்பது. 'ரசாயனம் எதுவும் இல்லை' என்று ஒரு சீட்டு. மற்றபடி போன் நம்பர் மட்டும். செய்த தேதி இல்லை, சேர்மானம் இல்லை.

ராத்திரி இட்லியோடு மூன்றையும் சின்னக் கிண்ணங்களில் வைத்தேன், எது எதென்று சொல்லாமல். என் கணவர் முதல் பாட்டிலுக்கே ஓட்டுப் போட்டார். இரண்டாவது "சப்புன்னு இருக்கு" என்றார். மாமியார் மூன்றாவதை முகர்ந்து பார்த்து, "வெந்தயத்தை வறுத்துப் பொடிச்சுப் போட்டிருக்கா. இது கை தெரிஞ்சவ செஞ்சது" என்றார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பின்பக்கச் சத்துப் பட்டியலில் 'உப்பு' என்று இருக்காது, 'சோடியம்' என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. முதல் பாட்டிலில் 100 கிராமுக்கு 3,600 மில்லிகிராம் சோடியம். அதாவது 9 கிராம் உப்பு. இரண்டாவதில் 2,000 மில்லிகிராம். அதாவது 5 கிராம் உப்பு.

ஒரு கரண்டி தொக்கு 15 கிராம் என்று வையுங்கள். நாலு கரண்டிக்கு 60 கிராம். முதல் பாட்டிலில் அது 5.4 கிராம் உப்பு! பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு போக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாம்பார், ரசம், இட்லி மாவில் இருக்கும் உப்பை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. இவர் நாக்குக்கு எது பிரமாதமாக இருந்ததோ, அதுதான் உப்பு அதிகமானது. நாக்கை நம்பித் தொக்கு வாங்கினால் இதுதான் கதி!

'ரசாயனம் இல்லை' என்பதற்கும் ஏமாற வேண்டாம். தொக்கு கெடாமலிருக்க ஏதாவது ஒன்று காவல் காத்தாக வேண்டும். புளிப்பு, எண்ணெய், உப்பு, இல்லாவிட்டால் மருந்து. மருந்து இல்லையென்றால் பல சமயம் உப்பும் எண்ணெயும்தான் கூடியிருக்கும். உப்பு குறைந்த பாட்டிலைத் திறந்த பிறகு பிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத ஸ்பூனால் எடுத்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை வீட்டில் சால்சா என்று ஒரு பாட்டில் பார்த்தேன். தக்காளி, வெங்காயம், மிளகாய் போட்டு மெக்சிகோக்காரர்கள் செய்கிற பக்குவம். நம் தொக்குக்கு தூரத்துச் சொந்தம். காரம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறது. நம் பாட்டிலின் முகப்பில் ஏன் மண் சட்டி படம் மட்டும் இருக்க வேண்டும்? காரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று இருந்தால் என்ன?

இன்னொன்று. விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது ஹிந்தியில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மற்ற மொழி கூடுதலாகப் போடலாம், கட்டாயமில்லை. முகப்பில் விளம்பரம் மட்டும் அழகான தமிழில், பின்பக்கம் எறும்பு சைஸ் ஆங்கிலத்தில்! மூன்று வேளையும் பரிமாறும் என் மாமியாரால் அதைப் படிக்க முடியுமா? தமிழ்நாட்டில் செய்து தமிழ்நாட்டில் விற்கிற தொக்குக்காவது, சேர்மானமும் உப்பும் தமிழில், மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். வாங்குகிறவர்கள் கேட்காமல் விற்கிறவர்கள் போடுவார்களா?

பக்கத்துத் தெரு அம்மாவிடம் நான் கேட்டேன். "உங்க தொக்குதாம்மா மூணுலயும் ருசி. தேதியும் என்னென்ன போடறீங்கன்னும் எழுதி ஒட்டுங்க. உணவுப் பாதுகாப்புத் துறையில பதிஞ்சு அந்த 14 இலக்க நம்பரையும் போட்டுட்டா, பெரிய கடையிலேயே வைக்கலாம்" என்றேன். முதலில் முகம் சுருங்கியது. அடுத்த முறை போனபோது தேதியும் சேர்மானமும் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. உப்பைக் கொஞ்சம் குறைத்திருப்பதாகவும் சொன்னார்!

இப்போது எங்கள் வீட்டில் பாட்டில் தொக்கை அப்படியே வைப்பதில்லை. வெங்காயம், தக்காளியை உப்பே போடாமல் வதக்கி, தொக்கில் சரிபாதி கலந்து விடுகிறேன். பத்து நிமிஷ வேலை, கரண்டிக்கு உப்பு பாதி. இவருக்கு நாளைக்கு ஒரு கரண்டிதான். முணுமுணுப்பு உண்டு, பரவாயில்லை.

எதிர் வீட்டு மாமி அவர்களே! தொக்கு கிளறுவது மட்டும் கைப்பக்குவம் இல்லை, பார்த்து வாங்குவதும் பக்குவம்தான். அடுத்த முறை என் வீட்டு பாட்டிலைப் பார்த்தால் 'நீயுமா' என்று கேட்காதீர்கள். 'சோடியம் எவ்வளவு?' என்று கேளுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன்.

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

– ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை-4.