படிக்கு அதிகாரி இல்லை

எங்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில் நமது சமூகம் நிறையவே உழைத்திருக்கிறது. ஊனமுற்றோர் என்றார்கள்; பிறகு வலுவிழந்தோர்; இப்போது மாற்றுத்திறனாளி, மாற்றுவலுவுள்ளோர். ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டுரை வந்தது, மேடையில் விவாதம் நடந்தது. அந்த மேடைக்கு ஏறும் படிகளில் மட்டும் ஒருவரும் கைவைக்கவில்லை. சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதம் எனக்கு முதலில் ஊன்றுகோலையும் ஐம்பது வயதுக்குப் பிறகு சக்கர நாற்காலியையும் தந்தது. லண்டனின் தமிழ்க் கடைகளையும் கோவில்களையும் மண்டபங்களையும் வாசற்படியைக் கொண்டே அடையாளம் சொல்லக்கூடியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1990களின் முற்பகுதியில் பார்பரா லிசிக்கி, அலன் ஹோல்ட்ஸ்வொர்த் போன்றோர் முன்னின்ற இயக்கத்தினர் தங்களைப் பேருந்துகளோடு சங்கிலியால் பிணைத்து வீதியை மறித்தார்கள். தங்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டி நிதி திரட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியை எதிர்த்து 1990இலும் 1992இலும் திரண்டார்கள். 1995இல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. 2004 ஒக்டோபர் முதல் கட்டடத்தில் உள்ள தடைகளுக்கும் சேவை வழங்குவோரே பொறுப்பு என்றானது. அந்தக் கடமை இன்று 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் இருக்கிறது. நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும். ஒருவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே யோசித்துச் செய்ய வேண்டும். பெரிய கடைத்தொகுதிக்கு மட்டுமல்ல, மூலைக்கடைக்கும் பொதுமக்கள் வரும் கோவிலுக்கும் இது பொருந்தும்.

பிறகு ஏன் எதுவும் மாறவில்லை? நிறைவேற்ற ஆள் இல்லை என்பதால்தான்.

சமையலறையில் எலி ஓடினால் கவுன்சிலின் சுகாதார அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குவார். பூச்சியம் முதல் ஐந்து வரை புள்ளி போடுவார். கத்தரிக்காய்ப் பெட்டி நடைபாதையில் எல்லை தாண்டினால் அதற்கும் ஓர் அதிகாரி வருவார். இரட்டை மஞ்சள் கோட்டில் வானை நிறுத்திப் பாருங்கள், தண்டச்சீட்டு வந்துவிடும். புதிதாகக் கட்டினாலோ பெரிய மாற்றம் செய்தாலோ கட்டட விதிகளைப் பார்ப்பதற்கும் ஆள் உண்டு. ஆனால் பழைய கடையின் வாசலில் கிடக்கும் ஆறு அங்குலப் படிக்கு அதிகாரி இல்லை. அந்தப் படியைச் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டியவர் அதற்கு வெளியே நிற்கும் நாற்காலிக்காரரே. கவுண்டி நீதிமன்றத்தில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வக்கீலை அவரே தேட வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம். மரக்கறி வாங்கப் போனவர் வீட்டை அடகு வைக்கும் துணிச்சலோடு போக வேண்டும் என்கிறது இந்த ஏற்பாடு.

வெல்லவே முடியாது என்றில்லை. ஷெஃபீல்டில் சக்கர நாற்காலியில் இயங்கிய ஓர் இளைஞர், தனது வங்கிக் கிளைக்குள் நுழைய முடியாததற்காக வழக்குத் தொடுத்தார். மின்தூக்கி பொருத்த வேண்டும் என்ற உத்தரவை 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆனால் அது ஒரு கிளையின் ஒரு வாசல். அடுத்த வாசலுக்கு அடுத்த வழக்கு.

2016இல் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று இதை வெளிப்படையாகவே சொன்னது: சட்டத்தை நிறைவேற்றும் சுமை தனிமனிதர் மீது ஏற்றப்பட்டிருக்கிறது. சமத்துவச் சட்டத்தை மதிக்காத இடங்களுக்கு மதுபான உரிமத்தை மறுக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சிக்குக் கொடுங்கள் என்றும் பரிந்துரைத்தது. எளிமையான யோசனை. உரிமம் போய்விடும் என்றால் எந்த முதலாளியும் ஒரு கிழமைக்குள் சாய்தளம் போட்டுவிடுவார். அது இன்னும் சட்டமாகவில்லை. நமது கவுன்சிலர்கள் பொங்கலுக்கு வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டு போகிறார்களே, அவர்களிடம் இதைக் கேட்ட தமிழர் எத்தனை பேர்?

இனி நம் சாட்டுகளுக்கு வருகிறேன். "கட்டடம் வாடகை, சொந்தக்காரன் விடமாட்டான்." இந்தக் கடமைக்காகச் செய்யும் மாற்றத்துக்கு நியாயமில்லாமல் அனுமதி மறுக்கச் சொந்தக்காரருக்கு உரிமை இல்லை. "செலவு தாங்காது." சட்டம் நியாயமானதைத்தான் கேட்கிறது, ஒற்றைப் படிக்கு மடித்து வைக்கும் சாய்தளம் சில நூறு பவுண். "உங்களைப் போல ஆட்கள் இங்கே வருவதில்லையே." படி இருக்கும்போது எப்படி வருவோம்? "சில்லு வெளியில் உருண்டது, உள்ளே ஆசாரம் கெடும்." சில்லைத் துடைக்கலாம், சுவாமி வெளிவீதி வருவதும் சில்லுப் பூட்டிய தேரில்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் தருவது அன்பாகச் சொல்லப்படுவது: "அண்ணை, நாலு பெடியள் நிக்கிறாங்கள், தூக்கி விடுவாங்கள்." ஒரு புத்தக வெளியீட்டுக்கு என்னை அப்படித்தான் மாடிக்குத் தூக்கிச் சென்றார்கள். கூட்டம் முடிந்தபோது பெடியள் போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, கழிப்பறைக்கும் போக முடியாமல், மண்டபக் காவலாளி ஆள் பிடித்து வரும்வரை மேலே இருந்தேன். தூக்குகிறவர் நினைத்தால் வருவேன், தூக்குகிறவர் நினைத்தால் போவேன் என்றால் நான் விருந்தினன் இல்லை, சாமான்.

இது என் ஒருவனுடைய வழக்கும் அல்ல. எறிகணையிலும் கண்ணிவெடியிலும் காலிழந்தவர்களைத் தன்னோடு கொண்டு நடக்கும் இனம் நாங்கள். அவர்களுக்காக இந்த நகரத்தில் நிதி சேர்க்கிறோம், கவிதை வாசிக்கிறோம். அவர்களில் ஒருவர் இங்கே வந்தால் அந்தக் கவிதை வாசிக்கப்படும் மண்டபத்துக்குள் நுழைய முடியுமா? இன்னொன்றையும் கவனியுங்கள். 2009 ஏப்ரலில், வன்னியில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அதே நாட்களில், சக்கர நாற்காலியில் இயங்கிய அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அரசின் கொடுமையை அது குறைத்துவிடவில்லை. அங்கும் உத்தரவு ஒன்று, நடைமுறை வேறொன்று. ஆனால் அந்த அரசைவிட மேலானவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள், எங்கள் சொந்த மண்டபத்தில் அந்த விதியையாவது எட்டியிருக்க வேண்டும்.

கேட்பது மூன்றுதான். அழைப்பிதழில் இடமும் நேரமும் போடுவதுபோல, படியில்லா வாசலும் கழிப்பறையும் உண்டா இல்லையா என்று ஒரு வரி போடுங்கள். படியேறித்தான் போக வேண்டிய மண்டபத்தில் பேச அழைத்தால், எழுத்தாளர்களே, மறுத்துவிடுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே, அப்பாவின் கடைக்குக் கணக்குப் பார்க்கும்போது சாய்தளத்தையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள். கவுன்சிலுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டியவர்களும் நீங்கள்தான். படிக்கென்று ஓர் அதிகாரியைக் கேட்டு எழுதுங்கள்.