கைதட்டல் யாருக்கு?

லண்டனிலும் நியூயார்க்கிலும் புதிய சங்கீத நாடகம் ஒன்றை முறைப்படி அரங்கேற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வெள்ளோட்டக் காட்சிகள் நடத்துவது வழக்கம். தேரைச் செய்து முடித்த தச்சர்கள் திருவிழாவுக்கு முன் அதை வீதியில் இழுத்துப் பார்ப்பதைப் போன்றது இது. அச்சு தாங்குகிறதா, மூலையில் திரும்புகிறதா என்று பார்த்து, குறை இருந்தால் செப்பனிட்டுக் கொள்ளலாம். பகலில் ஒத்திகை, இரவில் காட்சி. நேற்றுப் பேசிய வசனம் இன்று இராது. இன்று முதலில் வந்த காட்சி நாளை நடுவே போய்விடும். பத்திரிகை விமர்சகர்களை அழைக்கும் நாள் நெருங்கும்போதுதான், இனி மாற்றமில்லை என்று நாடகத்தை நிலைப்படுத்துவார்கள். அதுவரையில் கொட்டகையில் வந்து அமரும் ஜனங்களே நாடகத்திற்கு உரைகல்.

இந்த உரைகல் எப்பொழுதும் உண்மையைச் சொல்லுமா? சாதாரண நாடகத்தின் விஷயத்தில் பெரும்பாலும் சொல்லும் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் 'ஜூக்பாக்ஸ்' நாடகம் என்று இப்பொழுது பெயர் பெற்றிருக்கும் வகையின் விஷயத்தில் அதை அப்படியே நம்பிவிட முடியாது. காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் வேண்டிய இசைத்தட்டைப் பாடும் பெட்டிக்கு ஜூக்பாக்ஸ் என்று பெயர். முன்பே பிரசித்தி பெற்ற பாட்டுக்களை எடுத்துக் கோத்து, அவற்றுக்கு நடுவே ஒரு கதையை நுழைத்து நடிக்கும் நாடகத்திற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இத்தகைய நாடகத்தின் முதல் வெள்ளோட்டத்திலேயே கொட்டகை அதிர்கிறது. பாட்டின் முதல் இரண்டு ஸ்வரங்கள் எழுந்தவுடனே கரகோஷம், இடையில் சிரிப்பு, முடிவில் அனைவரும் எழுந்து நின்று ஆட்டம். நாடக முதலாளிகள் பூரித்துப் போகிறார்கள். அந்தக் கரகோஷம் யாருக்கு உரியது என்று கேட்பதே இன்று நமது நோக்கம்.

பழைய பாட்டைப் புதிய நாடகத்தில் எடுத்தாளுவதே தவறு என்று நாம் கூறவில்லை. 1728-ஆம் வருஷத்தில் ஜான் கே என்பவர் லண்டனில் அரங்கேற்றிய 'பிச்சைக்காரர் ஓபரா' என்ற நாடகம், தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் முணுமுணுத்த மெட்டுக்களைக் கொண்டே அமைந்தது. முதல் பருவத்திலேயே 62 முறை நடந்து, அக்காலத்தில் எவரும் காணாத வெற்றியை அது பெற்றது. நமது தமிழ் நாடக மேடையிலும் பார்ஸி நாடகங்களின் மெட்டுக்கள் தாராளமாகப் புழங்கியதுண்டு. பழகிய மெட்டு காதில் விழும்போது மனம் நெகிழ்வது மனித சுபாவம். அதைக் குறை கூறுவானேன்?

இந்த வகையின் பெருமையை உலகறியச் செய்த நாடகம் 'மம்மா மியா'. ஸ்வீடன் தேசத்து 'அப்பா' என்ற பாடகர் குழுவின் பாட்டுக்களை வைத்துக்கொண்டு, கிரேக்கத் தீவொன்றில் நடக்கும் ஒரு தாய்-மகள் கதையைக் காதரைன் ஜான்ஸன் எழுதினார். 1999-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ஆந் தேதி லண்டனில் அது அரங்கேறியது. நியூயார்க்கில் 2001 அக்டோபர் முதல் 2015 செப்டம்பர் வரையில் 5,700 காட்சிகளுக்கு மேல் நடந்தது. அந்த நாடகத்தைப் பார்க்கிறவர்களிடம் ஒரு விசேஷத்தைக் காணலாம். பாத்திரம் ஒன்று ஏதோ பேசிக்கொண்டே வரும். அந்தப் பேச்சு சட்டென்று பழைய பாட்டொன்றின் முதலடியாக மாறும். உடனே கொட்டகை முழுவதும் சிரிப்பு எழும். பாட்டு வேடிக்கையானது என்பதற்காக அல்ல. 'இதை இங்கே கொண்டுவந்து வைத்தார்களே!' என்ற வியப்பினால் எழும் சிரிப்பு அது. அந்தச் சிரிப்பு கதாசிரியருக்கு உரியது. அதைச் சம்பாதிப்பது எளிதன்று.

ஆனால் அதே முதலாளி, அதே வகையான முயற்சியை மறுபடியும் செய்தபோது நடந்தது என்ன? 'மம்மா மியா'வை உருவாக்கிய ஜூடி கிரேமர், 'ஸ்பைஸ் கேர்ள்ஸ்' குழுவின் பாட்டுக்களைக் கொண்டு 'விவா பாரெவர்' என்ற நாடகத்தை 2012 டிஸம்பரில் லண்டனில் அரங்கேற்றினார். பாட்டுக்களுக்குப் பிரக்யாதி குறைவா? இல்லை. அவற்றை அறியாத இளைஞர் பிரிட்டனில் அபூர்வம். எனினும் 2013 ஜூன் மாதத்தோடு நாடகம் முடிந்துவிட்டது. நியூயார்க்கில் 'பீச் பாய்ஸ்' குழுவின் பாட்டுக்களைக் கொண்டு 2005-ல் நடந்த 'குட் வைப்ரேஷன்ஸ்' நாடகமும் 94 காட்சிகளோடு நின்றது. பாட்டு மட்டும் போதும் என்றால் இவையும் பத்து வருஷம் நடந்திருக்க வேண்டும். பழைய கள், புதிய மொந்தை என்பார்கள். கள் எவ்வளவு பழையதானாலும் மொந்தை ஓட்டையானால் என்ன பயன்?

ஆகவே வெள்ளோட்டத்தில் கேட்கும் கைதட்டலை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டு தொடங்கும்போது எழும் கைதட்டல் ரஸிகனுடைய சொந்த நினைவுக்கு உரியது. பள்ளிக்கூட நாட்களையோ, கல்யாணமான புதிதையோ, மறைந்துபோன ஒருவரையோ அந்தப் பாட்டு அவனுக்கு நினைவூட்டியிருக்கலாம். அந்த உணர்ச்சியை அவன் வீட்டிலிருந்தே கொண்டு வந்தான், நாடகக்காரர் கொடுத்ததல்ல. பாட்டு முடியும்போது எழும் கைதட்டலில் பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் பங்கு உண்டு. கதைக்குக் கிடைப்பது எது என்று அறிய வேண்டுமானால், பாட்டும் கைதட்டலும் ஓய்ந்து, இரண்டு பாத்திரங்கள் வெறும் வசனம் பேசும் அந்த ஐந்து நிமிஷத்தைக் கவனிக்க வேண்டும். அப்பொழுது சபையில் இருமல் கேட்கிறதா, நாற்காலிகள் கிறீச்சிடுகின்றனவா, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்களா என்று பார்த்தால் உண்மை விளங்கிவிடும். கைதட்டல் பொய் சொன்னாலும் இருமல் பொய் சொல்லாது!

இதை நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சாதாரண சங்கீத நாடகத்தில் வெள்ளோட்டத்தின்போது குறை தெரிந்தால் அதற்கு மருந்து உண்டு. ஆசிரியர் புதுப் பாட்டு எழுதிவிடலாம். ஸ்டீபன் ஸோந்தைமின் 'எ ஃபன்னி திங் ஹாப்பென்ட் ஆன் த வே டு த போரம்' என்ற ஹாஸ்ய நாடகம் 1962-ல் வெளியூர்களில் வெள்ளோட்டம் விடப்பட்டபோது ஜனங்கள் சிரிக்கவே இல்லை. முதலில் வந்த பாட்டு மென்மையாக இருந்தபடியால், எத்தகைய நாடகத்திற்கு வந்திருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அனுபவசாலியான ஜெரோம் ராபின்ஸ் வந்து பார்த்து, தொடக்கப் பாட்டை மாற்றச் சொன்னார். 'இன்றிரவு ஹாஸ்யம்' என்று பறை சாற்றுவது போன்ற புதுப் பாட்டு ஒன்றை ஸோந்தைம் எழுதினார். நாடகம் தலை நிமிர்ந்தது. நியூயார்க்கில் 964 காட்சிகள் நடந்தது. வெள்ளோட்டத்தில் ஜனங்கள் காட்டிய மௌனத்தை மதித்ததன் பலன் இது. ஜூக்பாக்ஸ் நாடகத்திலோ பாட்டுக்கள் அசையாச் சொத்து. அவற்றை இடம் மாற்றலாம், குறைக்கலாம். புதிதாக எழுத முடியாது. திருத்துவதற்கு எஞ்சியிருப்பது கதையும் வசனமுமே. அப்படியிருக்க, பாட்டின் ஆரவாரத்தில் மயங்கி அவற்றைத் திருத்தாமல் விட்டுவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

கதையில் அக்கறை காட்டியவர்களுக்கு வெற்றி கிட்டாமற் போகவில்லை. 2005-ல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஜெர்ஸி பாய்ஸ்', 'போர் ஸீஸன்ஸ்' என்ற பாடகர் குழுவின் வரலாற்றையே கதையாகக் கொண்டது. குழுவின் நால்வரும் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் கட்சியைக் கூறுகிறார்கள். பாட்டுக்கள் அவர்களுடைய கச்சேரிகளாகவே வருகின்றன. ஆகவே கொட்டகையில் நாம் தட்டும் கையும் கதையில் ஒரு பகுதியாகிவிடுகிறது. நினைவுக்கும் நாடகத்துக்கும் அங்கே சண்டையில்லை. பதினோரு வருஷத்திற்கு மேல் அது நடந்ததில் வியப்பென்ன?

தமிழர்களுக்கு நெருங்கிய உதாரணம் ஒன்றும் உண்டு. ஏ. ஆர். ரஹ்மான் அவர்கள் சங்கீதம் அமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002 ஜூன் மாதம் லண்டனில் அரங்கேறியது. அதில் புதிய பாட்டுக்களும் உண்டு. எனினும் 'உயிரே', 'முதல்வன்' முதலிய படங்களின் மூலம் நாம் முன்பே அறிந்த மெட்டுக்கள் அதில் முக்கியமான இடம் பெற்றன. இந்தியர் ஏராளமாகக் குடியேறியுள்ள பிரிட்டனில் அந்த நாடகம் இரண்டு வருஷம் நடந்தது. 2004 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கிய நாடகமோ 284 காட்சிகளோடு 2005 ஜனவரி முதல் தேதியன்று முடிந்தது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம். 'தைய தையா'வின் மெட்டு எழும்போது இந்தியத் திரைப்படங்களில் ஊறியவன் மனத்தில் ஓடும் ரயிலும் மலையும் கூடவே எழும். அந்தப் படத்தைப் பாராத அமெரிக்கனுக்கு அது இனிய புதுப் பாட்டு ஒன்று, அவ்வளவே. பாட்டு ஒன்றுதான், கேட்கிறவன் கொண்டுவரும் மூட்டைதான் வேறு. அந்த மூட்டை இல்லாதவனையும் கதையால் இழுத்து வைத்துக்கொள்ள முடிந்தால், அதுவே நாடகத்தின் வெற்றி.

'ஜனங்கள் ஆனந்திக்கிறார்கள்; நீர் யார் குறுக்கே?' என்று சிலர் கேட்கலாம். 'குவீன்' குழுவின் பாட்டுக்களைக் கொண்ட 'வீ வில் ராக் யூ' நாடகத்தை 2002-ல் விமர்சகர்கள் கண்டபடி தாக்கினார்கள். ஜனங்களோ அதைப் பன்னிரண்டு வருஷம் லண்டனில் நடத்தி வைத்தார்கள். இதை நாம் மறைக்கவில்லை. விமர்சகர் சொல்வதே வேதம் என்று நாம் ஒருநாளும் கூறோம். ஜனங்களின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை அரைகுறையாகக் கேட்காமல் முழுவதும் கேளுங்கள் என்பதே நாம் நாடகக்காரர்களிடம் கூறுவது.

ரஸிகர்களுக்கும் இதில் கடமை உண்டு. 2023 ஏப்ரலில், விட்னி ஹூஸ்டனின் பாட்டுக்களைக் கொண்ட 'த பாடிகார்ட்' நாடகம் மாஞ்செஸ்டர் நகரில் நடந்தபோது, சபையில் சிலர் நடிகையின் குரலையும் அமுக்கிக் கூச்சலிட்டுப் பாடினார்கள். முடிவுப் பாட்டில் நாடகத்தையே நிறுத்திவிட்டுப் போலீஸாரை அழைக்க நேர்ந்தது. பாட்டு நமக்குப் பிரியமானது என்பதால் மேடை நமக்குச் சொந்தமாகிவிடாது. 'மம்மா மியா'வில் நாடகம் முடிந்த பிறகு எல்லோரும் எழுந்து ஆடிப்பாடத் தனியாக இடம் வைத்திருக்கிறார்கள். அதுவே நாகரிகமான ஏற்பாடு. அதுவரையில் பக்கத்து நாற்காலிக்காரன் டிக்கட் வாங்கியது மேடையில் பாடுகிறவளைக் கேட்கவே என்பதை மறத்தல் கூடாது.

இன்னொன்று: முதல் வெள்ளோட்டம் முடிந்து திரை விழுவதற்குள் கைப்பேசியில் தீர்ப்பெழுதி உலகெங்கும் பரப்பிவிடும் அவசரம் இப்பொழுது மிகுந்துவிட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதந்தான். ஆனால் உலை கொதிக்கத் தொடங்கும்போதே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, 'சோறு வேகவில்லை' என்று ஊருக்கெல்லாம் சொல்வது நியாயமா?

நியாயமன்று. ஆனால் வேகாத சோற்றுக்கு முழு விலை வாங்குகிறவன் அந்த நியாயத்தைப் பேச முடியுமா? 'ஸ்பைடர்மேன்' நாடகம் ஜூக்பாக்ஸ் வகையைச் சேர்ந்ததன்று. எனினும் இந்த விஷயத்தில் அது ஒரு பாடம். 2010 நவம்பரில் தொடங்கிய வெள்ளோட்டம் 182 காட்சிகள் வரையில் நீண்டது. 2011 ஜூனில்தான் அரங்கேறியது. அத்தனை நாளும் ஜனங்களிடம் முழுக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. பொறுத்துப் பார்த்த பத்திரிகைகள் பிப்ரவரியில் மரபை மீறி விமர்சனம் வெளியிட்டுவிட்டன. அதற்காக அவற்றின்மீது குற்றம் சாட்ட நமக்கு மனமில்லை. லண்டனில் வெள்ளோட்டக் காட்சிகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் நல்ல வழக்கம் பல கொட்டகைகளில் உண்டு. அது எங்கும் பரவ வேண்டும். இது வெள்ளோட்டம் என்பதை டிக்கட்டிலேயே பெரிய எழுத்தில் அச்சிடவும் வேண்டும்.

வெள்ளோட்டத்திற்கு வருகிறவன் ரஸிகன் மட்டுமல்ல. சம்பளம் வாங்காத தொழிலாளியுங்கூட. அவன் சிரிப்பும் மௌனமும் சலிப்பும் நாடகத்தைச் செதுக்கும் உளிகள். அந்த உழைப்பை வாங்கிக்கொண்டு, காசையும் முழுதாக வாங்கிக்கொண்டு, அவன் பழைய நினைவுக்குத் தட்டிய கையைத் தம் திறமைக்குக் கிடைத்த பரிசென்று எண்ணி வாளாவிருப்பவர்கள் அவனுக்கும் துரோகம் செய்கிறார்கள், தங்களுக்கும் செய்துகொள்கிறார்கள். பாட்டுக்களை யாரோ எழுதிவிட்டார்கள். காலம் அவற்றுக்கு மெருகும் ஏற்றிவிட்டது. நாடகக்காரர் செய்ய வேண்டியதெல்லாம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள வேலையே. அதையாவது அவர்கள் செவ்வனே செய்யட்டும்.