ஓட ஓடச் சரியாகுமா?



இன்ஜினை இறக்கி வேலை பார்த்த டீசல் கார்களைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக நமக்கு நிறையக் கடிதங்கள். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் இருந்த அந்த ஃபியட் 1248 சிசி இன்ஜினை ‘தேசிய டீசல் இன்ஜின்’ என்றே செல்லமாகச் சொன்னோம். அந்த வண்டிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. புது கார் விலையைக் கேட்டுவிட்டு, இருக்கிற வண்டிக்கே ரிங், பேரிங், ஹெட் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் இறங்குகிறார்கள். வேலை முடிந்து சாவி கைக்கு வரும்போது வண்டி ஐடிலில் குலுங்குகிறது, மேட்டில் இழுக்கவில்லை, பின்னால் புகை. திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரே பதில்: “ஓட ஓட செட் ஆகிடும் சார்.”

அந்தப் பதில் முழுப் பொய்யல்ல. சிக்கலே அதுதான்.

சில விஷயங்கள் ஓட ஓடத்தான் சரியாகும். புது ரிங்கும் ஹோனிங் செய்த சிலிண்டர் சுவரும், புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதுபோல, ஒன்றுக்கொன்று பழக வேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் கொஞ்சம் ஆயில் குடிக்கும். பூட்டும்போது தடவிய ஆயில் எரிந்து முதல் நாள் லேசாக நீலப்புகை விடும். டீசல் லைனில் நின்ற காற்று சற்று நேரத்தில் வெளியேறிவிடும். அவ்வளவுதான். நிற்காத குலுக்கலும் இழுவைக் குறைவும் இந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் எங்கிருந்து பார்ப்பது? கை பட்ட இடத்திலிருந்து. வேலைக்கு முன் இல்லாத கோளாறு வேலைக்குப் பின் வந்தால், கழற்றி மாட்டியவற்றில்தான் முதலில் தேட வேண்டும். இன்டர்கூலர் ஹோஸின் கிளாம்ப் சரியாக இறுகாமல் காற்று கசிந்தாலே கரும்புகையும் மந்தமும் சேர்ந்து வரும். டர்போவுக்குப் போகும் மெல்லிய வேக்கம் குழாய், காற்றை அளக்கும் சென்சாரின் சாக்கெட் இரண்டும் மறந்துபோகத் தோதான இடத்தில்தான் இருக்கும். இதையெல்லாம் பார்க்கச் செலவே இல்லை. ஆனாலும் பல பட்டறைகளில் முதலில் வருவது புது இன்ஜெக்டருக்கான மதிப்பீடுதான். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

இன்ஜெக்டரையும் பார்க்கத்தான் வேண்டும். விலைப்பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம். பல காமன் ரெயில் வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். எந்த சிலிண்டரில் எது இருக்கிறது என்று அதை வைத்துத்தான் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டீசல் அளவைத் திருத்துகிறது. கழற்றும்போது அடையாளம் வைக்காமல் இடம் மாற்றிப் போட்டால் ஐடில் கெடும். அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடாமல் பழையதையே போட்டிருந்தால், ‘சஃப் சஃப்’ என்று சத்தம் வரும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பு படியும். எந்த இன்ஜெக்டர் டீசலை அதிகமாகத் திருப்பி விடுகிறது என்று அறிய, ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனி பாட்டிலில் விட்டு ஒப்பிட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. அம்பாசடர் டீசல் காலத்தில், இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாரையும் தாண்டக்கூடிய அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாகத் திருத்த அளவைப் பார்ப்பதே இப்போதைய வழி.

ஆனால் ஸ்கேனர் சுத்தமாகக் காட்டினால் வண்டி நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. ஹெட் கேஸ்கெட்டின் தடிமன் அதற்குத் தெரியாது. பல டீசல் இன்ஜின்களுக்குக் கேஸ்கெட் இரண்டு மூன்று தடிமனில் வரும். ஓரத்திலுள்ள துளையோ வெட்டோ எது எது என்று சொல்லும். பிஸ்டன் பிளாக்கின் மேற்பரப்பைத் தாண்டி எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜில் அளந்துதான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேத்தில் பிளாக்கின் முகத்தைச் சீவியிருந்தாலும், பிஸ்டன் மாற்றியிருந்தாலும் அந்த அளவு மாறியிருக்கும். அளக்காமல் தடித்ததைப் போட்டால் கம்ப்ரஷன் குறையும். காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப்புகையாக வரும். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் வால்வில் தட்டும் அபாயம். அளந்து குறித்த எண்ணைக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் தயங்காமல் காட்டுவார்.

டைமிங்கும் இப்படித்தான். அந்த 1248 சிசி இன்ஜினில் செயின் மாட்டும்போது கேமையும் கிராங்கையும் பூட்டி நிறுத்தத் தனிப் பின்கள் உண்டு. அவை இல்லாமல் குத்துமதிப்பாக மாட்டினால், வண்டி ஸ்டார்ட் ஆகலாம்; சரியாக ஓடாது. எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் செயின் தானாகத் தன் இடத்துக்கு வராது.

இத்தனைக்குப் பிறகும் குலுக்கல் நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். நல்ல டீசல் இன்ஜின் பெரும்பாலும் 25 பார் வாக்கிலோ அதற்கு மேலோ காட்டும் என்பதால் பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இதற்குப் போதாது. மொத்த எண்ணைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசத்தையே முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

நமக்கு எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். “வண்டி சரியில்லை” என்று மட்டும் எழுதினால் எங்கள் தொழில்நுட்பக் குழுவால் ஊகிக்கத்தான் முடியும். வேலைக்கு முன் வண்டி எப்படி இருந்தது, என்னென்ன கழற்றினார்கள், புகை என்ன நிறம், குளிர்ந்திருக்கும்போது தொல்லையா சூடான பிறகா, கூலண்ட் குறைகிறதா என்பதையெல்லாம் எழுதுங்கள். லேத் பில்லின் நகலும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். எவ்வளவு சீவினார்கள் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்