உப்புக்கு வந்த ஓட்டம்

காலையில் கடை திறந்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டிவிட்டு முதல் போணிக்குக் காத்திருக்கும் நேரத்தில் தினசரியைப் புரட்டுவது நம்மில் பலருக்கும் வழக்கம். தலைவர்களின் அறிக்கையெல்லாம் பிறகுதான். மூலையில் பெட்டி கட்டிப் போட்டிருக்கும் விசித்திரச் செய்தியே முதலில் கண்ணில் படும். எங்கோ ஓர் ஊரில் இப்படியாம் என்று பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டு, முன்பெல்லாம் மறுநாள் அதே தாளில் சீரகம் மடித்துக் கொடுத்தோம். (இப்போது அச்சிட்ட தாளில் உணவுப்பொருள் மடிக்கக் கூடாது என்கிறார்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறோம்.)

ஆனால் சில விசித்திரச் செய்திகளை அப்படிச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அவை நம்மைப் போன்றவர்களின் கல்லாப்பெட்டிக்கு எதிரிலேயே நடந்தவை.

2016 நவம்பர் 11ஆம் தேதி மாலை, உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் உப்புத் தட்டுப்பாடு என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் மளிகைக் கடைகளின் முன் கூட்டம் நெரிந்தது. கிலோ 20 ரூபாய்க்கும் குறைவாக விற்ற உப்பு 200 ரூபாய், 400 ரூபாய் என்று போனதாகச் செய்திகள் வந்தன. போலீசார் கடைகளுக்குக் காவல் நின்றார்கள். கான்பூரில் அந்தக் கூட்டத்துக்கிடையே ஒரு பெண் உயிரிழந்ததாகவும் செய்தி வந்தது. உப்பு வாங்கப் போன இடத்தில் உயிர் போயிற்று!

நம் நாட்டில் ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் உப்பு விளைகிறது. சாப்பாட்டுக்குப் போவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ரசாயனத் தொழிற்சாலைக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. குஜராத்தை விட்டால் அடுத்து நம் தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கின்றன. மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு உப்புக்கு அலைந்தோம். மத்திய உணவு அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான் உடனே மறுத்துச் சொன்னார். ஓரிரு நாளில் எல்லாம் அடங்கிப்போயிற்று.

படித்தவர்கள் “மூட ஜனங்கள்” என்று எழுதினார்கள். நமக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் ஒரே இரவில் செல்லாமல் போயிருந்தன. கையிலிருந்த பணமே காலையில் காகிதமாகிவிட்டதைப் பார்த்தவன், நாளைக்கு உப்பு இருக்காது என்றால் நம்பமாட்டானா? பெரிய அடி ஒன்று விழுந்த பிறகுதான் இந்த மாதிரிப் பேச்சுக்குக் கால் முளைக்கிறது.

சீனாவில் நடந்ததும் அப்படித்தான். 2011 மார்ச் 11ஆம் தேதி ஜப்பானில் சுனாமி வந்து புகுஷிமா அணு உலை சேதமடைந்தது. அடுத்த வாரமே சீன நகரங்களில் உப்பு பறந்தது. அயோடின் கலந்த உப்பு கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்று ஒரு பேச்சு. இனிமேல் கடல் உப்பு கெட்டுப்போகும் என்று இன்னொரு பேச்சு. அந்த அளவு அயோடின் உடம்பில் சேர வேண்டுமானால் கிலோ கணக்கில் உப்பைத் தின்ன வேண்டும். சீனாவின் உப்பில் பெரும்பகுதி கடலிலிருந்து வருவதே இல்லை. நிலத்தடி உப்புக் கிணறுகளிலும் சுரங்கங்களிலும் எடுப்பது. எதுவும் எடுபடவில்லை.

அப்போது வூகான் நகரில் ஒருவர் 27,000 யுவான் கொடுத்து ஆறரை டன் உப்பு வாங்கி வீட்டில் அடுக்கினார். அன்றைய நம் பணத்தில் சுமார் 1 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய். சில நாட்களில் வதந்தி அடங்கிவிட்டது, விலையும் இறங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பில் இல்லை. வெளியில் விற்கலாம் என்றால் அங்கே அந்நாளில் உப்பு வியாபாரம் அரசாங்கத்தின் ஏகபோகம். உரிமம் இல்லாதவர் விற்க முடியாது. வீடு நிறைய உப்போடு உட்கார்ந்திருந்தார். பத்திரிகைகளில் படித்த உலகம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனாலும், விலை ஏறும் என்று காதில் விழுந்ததைக் கேட்டு மிளகாயையோ பருப்பையோ தேவைக்கு மேல் இறக்கிவிட்டு, பிறகு கிட்டங்கியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த ஆளை முழுதாகக் கேலி செய்ய நமக்கு வாய் வரவில்லை.

இந்த வகைச் செய்திகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் 1973ஆம் ஆண்டு ஜப்பானில் இருக்கிறது. அந்த அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தன. காகிதம் கிடைக்காமல் போகும் என்ற பேச்சு பரவியது. நவம்பர் 1ஆம் தேதி ஒசாகாவை அடுத்த செந்ரி புதுநகரில் ஒரு பெரிய கடையில் கழிப்பறைக் காகிதத்துக்கு விலைக்குறைப்பு விளம்பரம் செய்திருந்தார்கள். சாதாரண விளம்பரம்தான். ஆனால் கடை திறக்கும் முன்பே பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். இருந்த சரக்கு விற்றுத் தீர்ந்தது. அந்த வரிசையைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்ததும் நாடு முழுவதும் வரிசை நின்றது. ஆலைகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அந்த ஆண்டு டிசம்பரில் அதே நாட்டில் நடந்த இன்னொரு சம்பவம் கடைக்காரர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. ஐச்சி மாநிலத்தில் தொயோகாவா ஷின்கின் என்று ஒரு வங்கி. நம் ஊர்க் கூட்டுறவு வங்கி போல் உள்ளூர் மக்கள் பணம் போட்டு வைக்கும் இடம். டிசம்பர் 8ஆம் தேதி ரயிலில் மூன்று பள்ளி மாணவிகள் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒருத்திக்கு அந்த வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. தோழி கேலியாக, “பேங்க் வேலையா, ஆபத்தாச்சே” என்கிறாள். கொள்ளைக்காரன் வருவான் என்ற அர்த்தத்தில் சொன்னது. வேலை கிடைத்த பெண் வீட்டுக்குப் போய் உறவுக்கார அம்மாளிடம், “அந்த வங்கி ஆபத்தா?” என்று கேட்கிறாள். அந்த அம்மாள் வேறொரு உறவினரிடம் விசாரிக்கிறார். அது ஓர் அழகு நிலையக்காரர் காதுக்குப் போய், அங்கிருந்து சலவைக் கடை நடத்தும் தம்பதி காதுக்கு வருகிறது. அதுவரை வெறும் பேச்சு.

13ஆம் தேதி அந்தச் சலவைக் கடைக்கு வந்த ஒருவர், “கொஞ்சம் போன் பேசிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டு, தம் வீட்டாரிடம் தொயோகாவா வங்கியிலிருந்து 12 லட்சம் யென் எடுத்து வரச் சொல்கிறார். அவருக்கு வதந்தியே தெரியாது. ஏதோ வியாபாரக் கணக்கு தீர்க்க வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் குடும்பத்துக்கு உள்ளம் பதறிவிட்டது. உடனே போய்த் தங்கள் 18 லட்சம் யென்னை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார்கள். அவ்வளவுதான். ஊரே வங்கி வாசலில். ஊழியர் பணத்தைச் சுருட்டிவிட்டார் என்றார்கள். தலைவர் தற்கொலை செய்துகொண்டார் என்றார்கள். அந்தத் தலைவரே கவுண்டருக்கு வந்து நின்று தாம் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டியதாயிற்று! நூறு கோடி யென்னுக்கு மேல் வெளியே போய்விட்டது. யாரோ சதி செய்தார்கள் என்று போலீசார் துப்புத் துலக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்த இடம், ரயிலில் கேலி பேசிய அந்தச் சிறுமிகள்.

மாணவிகளைக் குறை சொல்வதற்கில்லை. பேச்சு கடைக்கு வந்த பிறகுதான் அது நிஜம் போல ஆயிற்று. கடை என்பது நாலு பேர் வந்து போகும் இடம். வீட்டில் சொன்னால் அது வம்பு. கடைக்காரர் சொன்னால் தகவல். இதைத்தான் நாம் உணர மறுக்கிறோம். வாடிக்கையாளர், “அண்ணாச்சி, எண்ணெய் விலை ஏறப் போகுதாமே?” என்று கேட்கும்போது நாம் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாலே போதும், அவர் ஒரு லிட்டருக்குப் பதில் மூன்று லிட்டர் வாங்கிக்கொண்டு தெரு முழுதும் சொல்லிக்கொண்டு போவார்.

வாய்ப் பேச்சைவிடப் பெரிய சாட்சி விலைதான். உப்பு இல்லை என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பாதிப் பேர் நம்புவார்கள். கடையில் 20 ரூபாய்ப் பாக்கெட் 100 ரூபாய் என்றால் மீதிப் பேரும் நம்பிவிடுவார்கள். அன்று உத்தரப் பிரதேசத்தில் விலையேற்றிய கடைக்காரர், வதந்தியால் லாபம் பார்த்ததாக நினைத்திருப்பார். வதந்திக்கு முத்திரை குத்திக் கொடுத்தவரே அவர்தான். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம்.

வெளியூர்க்காரரைச் சொல்லிவிட்டு நம்மை விடுவது முறையல்ல. 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் டி.வி.யில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்ததும் மளிகைக் கடைகளுக்கு மக்கள் ஓடி வந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அன்று உயிருக்குப் பயந்துகொண்டே கடை திறந்து வைத்து, கடன் சொன்னவருக்கும் அரிசி கொடுத்தவர்கள் நம்மவர்களே. அடுத்த சில நாட்களில் பருப்புக்கும் காய்கறிக்கும் வாய்க்கு வந்த விலை சொன்னவர்களும் நம்மவர்களே. முதலாமவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. இரண்டாமவரை வைத்து வியாபாரிகள் எல்லோரையும் கொள்ளைக்காரர்கள் என்றார்கள். அதில் நமக்கு இன்னும் மனக்கசப்பு உண்டு. கொஞ்சம் வெட்கமும் உண்டு.

இந்த இடத்தில் அதிகாரிகளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பரபரப்பு வந்தவுடன் கடைக்குள் பத்து மூட்டை இருந்தாலே பதுக்கல் என்று நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறார்கள். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள் சட்டம் தேவைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் கடைக்காரர் சரக்கைக் கண்ணில் படாமல் உள்ளே தள்ளுகிறார். காலி அலமாரியைப் பார்த்த ஜனங்கள் மேலும் பதறுகிறார்கள். தொயோகாவா வங்கியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பணக் கட்டுகளை வந்தவர் கண்ணில் படும்படி அடுக்கி வைத்தார்கள். ஜப்பான் மத்திய வங்கியும் பணத்துக்குக் குறைவில்லை என்று அறிவித்தது. கூட்டம் கரைந்தது. உப்பு மூட்டையையும் அப்படி வாசலில் அடுக்கி, மேலே பழைய விலையையே சாக்பீசில் எழுதி வைக்க நமக்கு உரிமை வேண்டும். “பதுக்கினாயா?” என்று கேட்பவர், வெளியில் அடுக்கி வைத்தவரிடமும் அதையே கேட்டால் எப்படி?

வதந்தி எப்போதும் கூட்டத்தைக் கொண்டுவரும் என்று எண்ணிவிடவும் கூடாது. விரட்டவும் செய்யும். 2016 டிசம்பரில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் சுங்க அதிகாரிகள் 102 மூட்டை ‘பிளாஸ்டிக் அரிசி’ பிடித்ததாக அறிவித்தார்கள். ஆய்வில் அது அரிசிதான் என்று தெரிந்தது. கிருமிகள் அளவுக்கு மேல் இருந்ததால் சாப்பிடத் தகாத அரிசி, அவ்வளவே. 2017 ஜூனில் அதே பேச்சு ஐதராபாத்துக்கு வந்தது. சோற்றை உருண்டையாகப் பிடித்துத் தரையில் அடித்து, பந்து போலத் துள்ளுகிறது பார் என்று செல்போனில் படம் எடுத்துப் பரப்பினார்கள். சோற்றை இறுக உருட்டினால் துள்ளத்தான் செய்யும். அது மாவுச்சத்தின் குணம். நம் வியாபாரப் புத்திக்கு ஒரே கேள்விதான்: பிளாஸ்டிக் குருணை கிலோ என்ன விலை, அரிசி கிலோ என்ன விலை? விலை கூடிய பொருளை விலை குறைந்த பொருளில் கலந்து நஷ்டப்படும் கலப்படக்காரன் எந்த ஊரில் இருக்கிறான்? கலப்படம் செய்பவனும் கணக்குப் பார்ப்பான் ஐயா!

வாடிக்கையாளரை மட்டும் சொல்லி என்ன பயன்? நாமே ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. 10 ரூபாய் நாணயம். பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று யாரோ சொன்னார்கள். ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது என்றார்கள். பிறகு எதுவுமே செல்லாது என்றார்கள். தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கடைகளில் அதை வாங்க மறுத்தார்கள். பஸ் கண்டக்டர் கடைக்காரரைக் காட்டினார். கடைக்காரர் மண்டிக்காரரைக் காட்டினார். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், புழக்கத்திலிருக்கும் 14 வகை 10 ரூபாய் நாணயமும் செல்லும் என்று தெளிவாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் மறுத்தார்கள். சில்லரை இல்லை என்று வாடிக்கையாளரிடம் மிட்டாயை நீட்டிய நாமே, வந்த சில்லரையைத் திருப்பி அனுப்பினோம். இது எந்த நாட்டுப் பெட்டிச் செய்திக்கும் குறைந்ததல்ல.

நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களாக 1000 ரூபாய் வரை கொடுப்பதை மறுக்க முடியாது. ஆகவே, இந்த இதழுக்குச் சந்தா பாக்கி வைத்திருக்கும் அன்பர்கள் 10 ரூபாய் நாணயங்களாகவே கட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வரலாம். எத்தனை கோடு இருந்தாலும் சரி, எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது தருகிறோம்.